நாலே நொடியில் வெந்நீர்

ஒரு காட்டில் எல்லோரும் சுகமாக வாழ்ந்து வந்தார்கள் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அந்தக் காடு மலை உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. கார்த்திகை பிறந்துவிட்டால் தண்ணீரில் விரல் வைக்க முடியாது. ஆகவே குளிர்காலத்தில் வெந்நீர் உள்ளவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள். இல்லாதவர்கள் குளிக்காமல் வாழ்ந்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு பெரிய பாறைக்கு அடியில், கூடமும் குளியலறையும் தனித்தனியாகத் தோண்டிய வளை ஒன்று இருந்தது. அதில் ஒரு முள்ளம்பன்றித் தம்பதி குடியிருந்தார்கள். கணவர் பெயர் மொக்கைச்சாமி. பெயரில்தான் மொக்கை, முதுகில் ஒவ்வொரு முள்ளும் கோணி ஊசி. காட்டுக் கிழங்குக் கிடங்கில் கண்காணிப்பாளர் உத்தியோகம். மூட்டைக்குள் ஒரு முள்ளைச் செருகி எடுத்து முகர்ந்தாலே கிழங்கு முற்றலா பிஞ்சா என்று சொல்லிவிடுவார். மனைவி பெயர் சிலம்பாயி. அவள் நடந்தால் வால் முட்கள் கலகலவென்று ஒலிக்கும். அந்தச் சத்தம் வளையில் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம் ஏதோ வேலை நடக்கிறது என்று பொருள்.

இருபத்திரண்டு வருஷமாகச் சிலம்பாயி விடிந்ததும் எழுந்து கொல்லைப்புற அடுப்பைப் பற்றவைத்து, அண்டாவில் தண்ணீர் காயவைத்து, அதைக் குடம் குடமாகக் குளியலறைக்குக் கொண்டுபோய் விளாவி வைப்பாள். "தண்ணி ரெடிங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். மொக்கைச்சாமி வந்து ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார். "சூடு பத்தாது" என்பார். இல்லையென்றால் "தோலு உரிஞ்சுரும் போலயே" என்பார். மூன்றாவதாக ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. அதை அவள் குறையாகவும் நினைத்ததில்லை. மேகம் கருத்தால் மழை வரும், தண்ணீர் காய்ந்தால் இவர் இப்படிச் சொல்வார். அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் குடத்தோடு வருகிறபோது கால் வழுக்கியது. வெந்நீர் ஒரு பக்கம், சிலம்பாயி ஒரு பக்கம். நல்லவேளை, இரண்டும் ஒரே பக்கம் விழவில்லை.

இருவாச்சி டாக்டர் வந்து பார்த்தார். அவர் அலகுக்கு மேல் இருக்கிற கொம்பைப் பார்த்தாலே பாதி நோயாளிகளுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

"வலது தோள் இறங்கியிருக்கு. எடுத்து உட்கார வச்சிட்டேன். நாற்பது நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது. தினம் காலையில நல்ல வெந்நீர் தோள்மேல விழணும். நீங்களா கையைத் தூக்கி ஊத்திக்கக் கூடாது."

"அப்ப யாரு ஊத்துறது?" என்று கேட்டாள் சிலம்பாயி.

மகளைப் பக்கத்து மலையில் கட்டிக் கொடுத்திருந்தது, அவளுக்கே கைக்குழந்தை. எதிர்மரத்து மலையணில் வேலம்மா அதற்குள் நலம் விசாரிக்க வந்திருந்தாள். "அக்கா, உனக்காக உசிரைக்கூடக் குடுப்பேன். ஆனா முதுகுப் பக்கம் மட்டும் வரச் சொல்லாத" என்றாள். முள்ளம்பன்றியின் முதுகைப் பற்றி அவளுக்குச் சொந்த அனுபவம் இருந்தது.

மொக்கைச்சாமி தொண்டையைச் செருமினார். "இதென்ன பெரிய விஷயமா? ஒரு ஹீட்டரை வாங்கிக் குளியலறையில மாட்டி, மேல ஒரு ஷவரையும் வச்சிட்டா முடிஞ்சுபோச்சு. ரெண்டே நாள்."

அன்று மாலையே இருவரும் மைனாவின் கடைக்குப் போனார்கள். மைனா பேச ஆரம்பித்தால் மூச்சு விடுகிற இடத்தில்தான் வாடிக்கையாளர் வாயைத் திறக்க முடியும்.

"வாங்கண்ணே! வாங்கண்ணி! கையில என்ன கட்டு? ஐயையோ! தொட்டி வச்சதா, தொட்டி இல்லாததா?"

"வெந்நீர் வர்றது" என்றார் மொக்கைச்சாமி.

"ரெண்டுலயும் வெந்நீர்தாண்ணே வரும். தொட்டி வச்சதுன்னா தண்ணியைப் பிடிச்சுவச்சுச் சூடாக்கும். சுவிட்சைப் போட்டுட்டு நீங்க காத்துக்கிட்டு இருக்கணும். தொட்டி இல்லாதது அப்படி இல்ல. தண்ணி உள்ள ஓடும்போதே சூடாகிரும். குழாயைத் திருகுனா நாலே நொடி!"

"நாலு நொடியா?" மொக்கைச்சாமியின் முட்கள் ஆசையில் விரிந்தன. மைனா அலமாரிக்கு மேல் பறந்து உட்கார்ந்துகொண்டது.

"நாலுதாண்ணே. அதுக்கு முன்னால சில விவரம் வேணும். ஒரு குளியலுக்கு உங்க வீட்டுல எத்தனை வாளி தண்ணி?"

மொக்கைச்சாமி மனைவியைப் பார்த்தார். "அவருக்கு நாலு, எனக்கு ஒன்னரை" என்றாள் அவள்.

"தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?"

அவர் மறுபடியும் பார்த்தார். "லேசா உப்பு. அண்டா அடியில வெள்ளையாப் படியும்."

"மேல்தொட்டி எம்புட்டு உயரத்துல இருக்கு?"

"நமக்கு மேல்தொட்டி இருக்கா?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

"இருக்கு. வாசல் தேக்கு மரத்துல, மூணாவது கிளையில. நாம குடிவந்த வருஷத்துல இருந்து இருக்கு."

மைனா ஒரு கட்டு விளம்பரத் தாள்களைக் கொடுத்து அனுப்பியது. கரண்டில் ஓடுவது ஏழு வகை, கேஸில் ஓடுவது நாலு வகை. மொக்கைச்சாமி அவற்றைப் படித்துப் படித்து அப்படியே தூங்கிப்போனார்.

மறுநாள் விடிந்தது. ஹீட்டர் இன்னும் வாங்கவில்லை. வெந்நீரோ வேண்டும். மொக்கைச்சாமி கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரல் வந்தது.

"ஏ புள்ள, தீப்பெட்டி எங்க?"

"மாடத்துல."

"மாடம் எங்க?"

அன்று வெந்நீர் தயாராவதற்குள் கொல்லையெல்லாம் ஒரே புகை. வேலம்மா காட்டுத் தீ என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மரம் தாண்டிப் போய்விட்டாள். கடைசியில் மொக்கைச்சாமி கண் சிவந்து, மூக்கில் கரியோடு ஒரு குடத்தைச் சுமந்து வந்தார். பாதி வழியில் சிந்திவிட்டது. சிலம்பாயி முக்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். அவர் ஒரு செம்பு ஊற்றினார்.

"சூடு பத்தாது" என்றாள் அவள்.

வேண்டுமென்றே சொல்லவில்லை. உண்மையிலேயே பத்தவில்லை. அவர் திரும்பிப் போய் இன்னொரு குடம் கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் புகை குறைந்தது. ஐந்தாம் நாள், எந்தச் சுள்ளி சீக்கிரம் பிடிக்கும், எது அழுது வழியும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஊற்றுகிறபோது சும்மா இருக்க முடியாமல் கிடங்கில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். காட்டுப்பன்றி ஒன்று தன் மூட்டை முழுக்கச் சேம்பு என்று சாதித்தது, இவர் முள்ளைச் செருகிப் பார்த்தால் பாதி மண். அந்தப் பன்றியின் முகம் போன போக்கை அவர் நடித்துக் காட்ட, சிலம்பாயி சிரித்த சிரிப்பில் தோள்கட்டு அவிழ்ந்துபோனது.

ஒருநாள் ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஆமா, நீ எப்பக் குளிப்ப? நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க கிடங்குக்குப் போனதுக்கு அப்புறம்."

"அப்ப அண்டாவுல தண்ணி இருக்குமா?"

"அடியில கெடக்கும். ஒன்னரை வாளி தேறும்."

"சூடா?"

"இருக்கும், கொஞ்சம்."

செம்பு அந்தரத்தில் நின்றது. அன்று ஒரு குடம் கூடுதலாக வந்தது. அது ஏன் என்று அவள் கேட்கவில்லை. வெந்நீர் முட்களுக்கு நடுவே வழிந்து தோளில் இறங்கியபோது, இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருக்கிறது என்பதே தனக்கு இவ்வளவு நாள் தெரியாமல் போனதே என்றிருந்தது சிலம்பாயிக்கு.

இதற்கிடையில் மொக்கைச்சாமி கேஸ் ஹீட்டர்தான் என்று முடிவு செய்துவிட்டார். தண்ணீர் தாராளமாகக் கொட்டும் என்று மைனா சொல்லியிருந்தது.

"வேணாங்க" என்றாள் சிலம்பாயி. "நம்ம குளியலறைக்கு ஜன்னல் ஏது? பூமிக்கு அடியில இருக்கோம். கேஸ் எரிஞ்சா அந்தக் காத்து எங்க போகும்? மேட்டு வளை முயல் வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் மயங்கிக் கெடந்து, கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்தாங்கள்ல?"

இது நியாயமான பேச்சு. அவள் மனசாட்சிப்படிதான் சொன்னாள். மொக்கைச்சாமியும் ஒத்துக்கொண்டு, விளம்பரத் தாள்களோடு மறுபடியும் உட்கார்ந்தார். அதனால் இன்னும் நாலு காலைப்பொழுது கிடைத்தது. பூரான் ஒன்று கிடங்கில் புகுந்து எல்லோரையும் மேசைமேல் ஏற்றிய கதையை அந்த நாலு நாளும் தவணை முறையில் சொன்னார்.

ஐந்தாம் நாள் கரண்டு ஹீட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் சிலம்பாயிக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஹீட்டர் வந்தால் கதை நின்றுவிடும்.

"நிமிஷத்துக்கு எத்தனை லிட்டரு ஊத்தும்?" என்று கேட்டாள்.

"மூணு."

"அது கோடைக்கு. மார்கழித் தண்ணிக்கு அதே வேகத்துல ஓடுனா வெதுவெதுன்னுதான் வரும். சூடா வேணும்னா நூல் மாதிரி ஒழுகும். கடையில கேட்டுட்டு வாங்க."

மைனா அதற்குப் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. பதில் வந்ததும் அவள் உப்புத் தண்ணீரை எடுத்தாள். உப்புப் படிந்தால் உள்ளே இருக்கிற கம்பி என்னாகும்? அதற்கு மூன்று நாள். அப்புறம் உத்தரவாதச் சீட்டைப் பொடி எழுத்து வரைக்கும் படித்து, முட்களால் ஏற்படும் சேதம் அதில் சேராது என்று கண்டுபிடித்தாள். அதற்கு ஒரு வாரம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்றாலும், அந்த மார்கழியில் ஹீட்டரைப் பற்றிச் சிலம்பாயிக்குத் தெரிந்த அளவு அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது. மைனாவுக்கே சில சமயம் சந்தேகம் வந்தால், "அண்ணி என்ன சொல்றாங்கன்னு கேட்டு வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பும் நிலைமை வந்துவிட்டது.

கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போன ஒருநாள், "வெள்ளைக் கலரு வேணாங்க, அழுக்குப் பிடிக்கும்" என்றாள். அவர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்று தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

வேலம்மா வீட்டில் போன வருஷமே ஹீட்டர் மாட்டியிருந்தார்கள். ஒருநாள் அதைப் பார்க்கச் சிலம்பாயி போனாள்.

"நாலே நொடி அக்கா! அவரு எப்ப எந்திரிக்கிறாரு, எப்பக் குளிக்கிறாரு, எப்பப் போறாருன்னே தெரியாது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றாள் வேலம்மா.

"கடைசியா எப்பப் பேசுனாரு?"

வேலம்மா கொட்டை கொறிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "ஆவணியில ஒருநாள், துண்டு எங்கன்னு கேட்டாரு."

சிலம்பாயி வீட்டுக்குத் திரும்பியபோது வால் முட்கள் ஒலிக்கவில்லை. அவ்வளவு மெதுவாக நடந்து வந்தாள்.

நாற்பதாம் நாள் இருவாச்சி டாக்டர் கட்டை அவிழ்த்தார். தோளை அழுத்திப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். மடக்கச் சொன்னார். "பூரணமாக் குணமாயிருச்சு. நாளையில இருந்து எல்லா வேலையும் செய்யலாம்" என்றார்.

"வலி இருக்கே டாக்டர்."

"எங்க?"

"நீங்க எங்க அழுத்துனாலும் இருக்கு."

டாக்டர் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"ஹீட்டர் வாங்குற வரைக்கும் இருக்கும் போலத் தெரியுது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுல அவ வருஷத்துக்கு மூணு மாசம் மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கிறா. அலகு நுழையிற அளவு சந்து மட்டும்தான். அத்திப்பழம் நாந்தான் கொண்டாந்து கொண்டாந்து ஊட்டணும். கேட்டா முட்டை, அடை காக்குறேன்னு சொல்றா. நான் ஒருநாளும் உள்ள எட்டிப் பார்த்ததில்ல." சொல்லிக்கொண்டே சீட்டில் இன்னும் இருபது நாள் என்று எழுதினார்.

ஆனால் மொக்கைச்சாமியும் சும்மா இருக்கவில்லை. கேள்வி ஒவ்வொன்றுக்கும் அலைந்து அலைந்து அவரும் விவரம் தெரிந்தவராகிவிட்டார். கிடங்கில் யாராவது குளிர் என்று சொன்னால் போதும், "உங்க தண்ணி வேகம் எவ்வளவு?" என்று ஆரம்பித்துவிடுவார். கடைசியில் ஒருநாள் குறை சொல்ல இடமில்லாத ஹீட்டர் ஒன்றைப் பிடித்துவிட்டார். உப்பு தாங்கும். மார்கழி தாங்கும். முள் பட்டால்கூட உத்தரவாதம் உண்டு. நிறம் கிழங்குப் பழுப்பு. முகப்பில் இரண்டு குமிழ். ஒன்று சூட்டுக்கு, ஒன்று தண்ணீர் வேகத்துக்கு.

சிலம்பாயி அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவள் கலங்கவில்லை. ஏனென்றால் இவ்வளவு பெரிய ஹீட்டருக்கு வீட்டு இணைப்பின் லோடைக் கூட்ட வேண்டும். அதற்குக் காட்டு மின் அலுவலகத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அங்கே எழுத்தராக இருந்தது தேவாங்கு.

தேவாங்கு பேனாவை எடுக்க ஒரு மணி நேரம், மூடியைத் திறக்க ஒரு மணி நேரம். வரிசையோ அதைவிட மோசம். மொக்கைச்சாமிக்கு முன்னால் நிற்பவர் முள்ளுக்குப் பயந்து நாலடி தள்ளி நிற்பார். அந்த நாலடிக்குள் ஒரு கீரிக் குடும்பமே வந்து நின்றுகொள்ளும். விண்ணப்பத்தோடு கால்தடம் மூன்று பிரதி, முட்களைப் படியவைத்து எடுத்த புகைப்படம் இரண்டு, தான் இன்னமும் முள்ளம்பன்றிதான் என்பதற்கு இனச்சான்று ஒன்று. இதெல்லாம் முடியச் சித்திரை ஆகிவிடும். சித்திரையில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? சிலம்பாயி நிம்மதியாக இருந்தாள். அந்த அலுவலகத்தின்மேல் அவளைப்போல நம்பிக்கை வைத்தவர்கள் யாருமில்லை.

மொக்கைச்சாமி காலையில் விண்ணப்பம் கொடுக்கப் போனார். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

"கெடச்சிருச்சு!" என்று வாசலில் நின்றே கத்தினார்.

"எது?"

"அனுமதி! இந்த வாரம் சேவை வாரமாம். தேவாங்கு ஓடி ஓடி வேலை பாக்குது, புள்ள. வரிசையே இல்ல. முத்திரையை அதுவே தேடி எடுத்துக் குத்திக் குடுத்துச்சு!"

சிலம்பாயி அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஓர் அலுவலகம் ஒரு குடும்பத்துக்கு இப்படித் துரோகம் செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளே மரங்கொத்தி வந்தது. டொக் டொக் என்று பாறையில் நாலு துளை போட்டது. தடித்த ஒயரை இழுத்தது. ஹீட்டரை மாட்டி, ஷவரைப் பொருத்தி, கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனது. மொக்கைச்சாமி குழாயைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஆவி பறந்தது.

"பாத்தியா!" என்றார்.

"பாத்தேன்" என்றாள் சிலம்பாயி.

மறுநாள் காலையில் அவள் எழுந்தாள். அவர் புரண்டு படுத்தார். அடுப்பு மூட்டத் தேவையில்லை, அண்டா நிரப்பத் தேவையில்லை. குளியலறைக்குப் போனாள். குழாயைத் திருகினாள். தண்ணீர் அவ்வளவு பதமாக இருந்தது. சூடு பத்தாது என்றோ தோல் உரிகிறது என்றோ சொல்ல வழியே இல்லை. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. ஷவர் நேராக நடுமுதுகில் கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு பன்றியையும் தெரியாது, ஒரு மூட்டையையும் தெரியாது. நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் வீதம் அது தன் வேலையைப் பார்த்தது. சிலம்பாயி ஐந்து நிமிஷத்தில் குளித்து முடித்துவிட்டு வந்தாள். அன்று பகல் அவளுக்கு மிக நீளமாக இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. "எப்படி இருக்கு?" என்று மட்டும் மொக்கைச்சாமி போகிறபோக்கில் கேட்டார். "நல்லா இருக்கு" என்றாள். அவரும் ஏதோ சொல்ல வந்ததுபோல ஒரு கணம் நின்றார். பிறகு கிடங்குக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் காலை, அவள் உடம்பு முழுக்கச் சீயக்காயோடு நின்றபோது கரண்டு போய்விட்டது. பனிக்கட்டி மாதிரித் தண்ணீர் முதுகில் இறங்கியது.

"ஏங்க! என்னமோ ஆயிருச்சுங்க!"

இதை அவள் பயந்துபோய்த்தான் கத்தினாள். அடுத்த நொடி மொக்கைச்சாமி போர்வையோடு ஓடிவந்தார். நாலு நொடிகூட ஆகவில்லை.

"தள்ளு, தள்ளு. எதையும் தொடாத. நான் பாக்குறேன்" என்றார். குமிழ் இரண்டையும் திருகினார், காதை வைத்துக் கேட்டார், தட்டினார். "இது என்னான்னா, தண்ணி வேகமா ஓடுனா சூடு ஏறாது. மெதுவா ஓடுனா ஏறும். ரெண்டையும் ஒரு சேரப் பிடிக்கணும். அது ஒரு கணக்கு. எல்லாருக்கும் வந்துராது" என்றார். அவர் கண் அப்படி மின்னி அவள் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு வந்து தண்ணீர் சூடாகியது. தன் கைவண்ணம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"எப்படிங்க சரி பண்ணுனீங்க?" என்றாள் சிலம்பாயி.

"பழகிட்டா வந்துரும்" என்றார் அவர். அப்படியே செம்பை எடுத்து, ஷவர் எட்டாத பக்கமாக அவள் தோளுக்கு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, "நேத்துக் கிடங்குல என்ன நடந்துச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.

ஐந்தாம் நாள் காலை சிலம்பாயி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சூட்டுக் குமிழை அடியோடு குறைத்தாள். வேகக் குமிழை முழுக்கத் திறந்தாள். ஒதுங்கி நின்றுகொண்டு குரல் கொடுத்தாள்.

"ஏங்க! மறுபடியும் என்னமோ பண்ணுதுங்க!"

அவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

ஆறாம் நாள் அவளே கேட்டாள். "இந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும்?" அவர் விளக்கினார். ஏழாம் நாள் அதையே மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் விளக்கினார். எரிச்சலே படவில்லை, நேற்றைவிட விரிவாகச் சொன்னார். புதிதாக ஏதாவது கோளாறு கிடைக்குமா என்று அவள் கையேட்டைத் தேடியபோது அதைக் காணவில்லை.

"கையேடு எங்கங்க?"

"அது எதுக்கு உனக்கு? நான் இருக்கேன்ல?" என்றார் மொக்கைச்சாமி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தை மாதத்தில் ஒருநாள் வேலம்மா வந்தாள். கொல்லைப் பக்கம் போகிற வழியில் குளியலறையிலிருந்து ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. சிலம்பாயி ஈர முட்களைச் சிலுப்பிக்கொண்டு வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுதும் நம்மளுதும் ஒரே மைனா கடைதான. உங்களுது மட்டும் என்ன ஒசத்தி? எத்தனை வாட்டு?"

சிலம்பாயி வாட்டு, லிட்டர், உப்பு, கம்பி, ஒயர் தடிமன் என்று அத்தனையையும் விளக்கியிருக்கலாம். அந்தக் காட்டில் அவளைவிட நன்றாக விளக்கக்கூடியவர் இல்லை. அவள் வேலம்மாவின் காதருகே குனிந்து வேறு ஏதோ சொன்னாள். நாலைந்து சொல்தான் இருக்கும். வேலம்மாவின் வால் நட்டுக்குத்தலாக நின்றது.

"அம்புட்டுத்தானா அக்கா?"

"அம்புட்டுத்தான். ஆனா முகத்துல சிரிப்பு வரக் கூடாது."

வேலம்மாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது காட்டுக்குத் தெரிந்த மாதிரி. அடுத்த குளிர்காலம் தொடங்கியபோது மைனாவின் கடையில் அதிசயம் ஒன்று நடந்தது. ஒரே பொத்தானை அழுத்தினால் தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும் புத்தம் புதிய ஹீட்டரை மைனா வாங்கி அடுக்கியிருந்தது. கைக்குழந்தைகூட இயக்கலாம் என்று பலகை எழுதி வைத்திருந்தது. வந்த பெண்களில் ஒருத்திகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"குமிழ் அதிகமா உள்ளது எது?" என்று கேட்டது மான்.

"ஆறு குமிழ் வச்சது ஒன்னு பரண்மேல கெடக்கு. ஆனா அது சிக்கலான சாமானாச்சே, புரியவே புரியாது" என்றது மைனா.

"அதைக் கட்டுங்க" என்றது மான்.

"எனக்கும் ஒன்னு" என்றது பின்னால் நின்ற காட்டெருமை.

மைனா பரணுக்குப் பறந்தது. அந்த ஆறு குமிழ் ஹீட்டரை எப்படி இயக்குவது என்று அதற்கே தெரியாது. அதன் மனைவி நேற்றுத்தான் அதில் ஒன்றை வீட்டில் மாட்டச் சொல்லியிருந்தாள்.

நீதி: வீட்டுக்கு ஹீட்டர் வாங்கும்போது லிட்டர், வாட்டு, உப்பு, உத்தரவாதம் அனைத்தையும் துருவித் துருவிக் கற்றுத் தேறுங்கள், மாட்டிய மறுநாளே அத்தனையையும் மறந்துவிடுங்கள்.